மூடியைப் போட்டால் நிற்கும், கழற்றினால் ஓடும்: ஒரு 75 குதிரை இன்ஜினோடு இரண்டு மாதம்

ரோட்டில் பைக் ஆஃப் ஆனால் ஓரம்கட்டி நாலு உதை உதைத்துப் பார்க்கலாம். புதுச்சேரி தேங்காய்த்திட்டு துறைமுக வாயில் படகு இன்ஜின் நின்றால் ஓரம் என்று ஒன்று கிடையாது, இரண்டு பக்கமும் கருங்கல்தான் இருக்கிறது. அதனால்தான் ஐடிலிங்கில், அதாவது த்ராட்டிலை மூடி மெதுவாக ஓடவிடும்போது, என் படகு இன்ஜின் நின்றுபோன விஷயத்தை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

பொங்கல் கழிந்து வந்த ஞாயிறு, மாலை நாலு மணி இருக்கும். தூண்டில் போட வந்த ஐந்து பேர், நான், என் சித்தப்பா மகன், ஆக ஏழு பேர் எங்கள் ஃபைபர் படகில் வஞ்சிரம் தேடிச் சுற்றிவிட்டு அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். கடலில் இருந்து வரும் கொண்டல் காற்று முதுகில் அடித்தது. அந்த வாயில் எத்தனை முறை தூர் வாரினாலும் மணல் திரும்ப வந்து ஏறிவிடும், அலை அந்த மேட்டில் தட்டி மடிந்து உடையும். எனவே வெளியே கொஞ்ச தூரத்தில் வேகத்தைக் குறைத்து நின்று, பெரிய அலைகள் நாலைந்து கடந்து போகும்வரை பார்த்திருந்து, இடைவெளி கிடைத்ததும் ஒரே ஓட்டமாக உள்ளே போய்விடுவோம். அன்றும் த்ராட்டிலைக் குறைத்துக் காத்திருந்தேன். சுற்று மெதுவாக இறங்கியது, கார்பரேட்டர் பக்கம் இரண்டு தும்மல், நின்றுவிட்டது. சாவி போட்டால் பிடித்தது, முன் கியரில் தள்ளினால் திரும்ப நின்றது. மூன்று முறை இப்படி ஆவதற்குள் அலை எங்களைக் கல் பக்கம் பாதி தூரம் கொண்டுவந்துவிட்டது.

தம்பி யோசிக்காமல் அணியத்துக்கு (படகின் முன்முனை) ஓடி நங்கூரத்தைப் போட்டான். அது அங்கேயே கயிறு சுற்றித் தயாராக இருந்தது, பலகைக்கு அடியில் வலைக்கும் ஐஸ் பெட்டிக்கும் நடுவில் கிடந்திருந்தால் கதை வேறு. நங்கூரம் பிடித்ததும் அணியம் கடலைப் பார்த்துத் திரும்பியது, அமரம் (பின்முனை) வழியாக ஏறவிருந்த அலை முன்னால் வெட்டிப் போயிற்று. கால் மணி நேரத்தில் வீராம்பட்டினத்துப் படகு ஒன்று கயிறு கொடுத்து இழுத்து வந்தது. தூண்டில் போட வந்தவர்களில் ஒரு பெரியவர் கரையில் இறங்கியதும் ஒன்றும் பேசாமல் மணலில் உட்கார்ந்துவிட்டார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இன்ஜின் விவரம் சொல்லிவிடுகிறேன். 75 குதிரைத்திறன், மூன்று சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி கார்பரேட்டர், 50 லிட்டர் பெட்ரோலுக்கு 1 லிட்டர் ஆயில் கலந்து ஊற்றுகிற வகை. பழையதாக வாங்கியது. வேகத்தில் குறை சொல்லவே முடியாது, நிமிடத்துக்கு 5000 சுற்றுக்கு மேல் பிசிறில்லாமல் பாடும். இதை வைத்துத்தான் நான் முதலில் ஏமாந்தேன். இவ்வளவு நன்றாக ஓடுகிற இன்ஜினில் பெரிய கோளாறு இருக்காது, ஐடில் திருகைக் கொஞ்சம் ஏற்றினால் போதும் என்று நினைத்தேன்.

ஏற்றினேன். 850 இருக்க வேண்டிய இடத்தில் 1300 வைத்தேன். நிற்பது குறைந்தது, நானும் நிம்மதியானேன். ஆனால் கியர் போடும்போதெல்லாம் ‘டணார்’ என்று அடிக்கும். கீழே கியர் பெட்டிக்குள் இருப்பது காரில் இருப்பது போல வழுக்கிப் பிடிக்கும் கிளட்ச் இல்லை, பல்லோடு பல் நேரே போய்க் கோக்கிற இரும்புத் துண்டு. சுழல்கிற பல்லில் நிற்கிற பல்லை அவ்வளவு வேகத்தில் கொண்டுபோய்ச் செருகினால் முனை மழுங்கத்தானே செய்யும். மூன்று வாரத்தில் முன் கியர் போட்டுப் பாரம் ஏற்றினால் வழுக்கிவிட்டுப் பிடிக்க ஆரம்பித்தது. ஐடில் நோயை மறைக்கப் போய் கியர் பெட்டியைப் பிரிக்கும் செலவை இழுத்துக்கொண்டேன். தயவுசெய்து யாரும் முதல் வேலையாக அந்தத் திருகைத் தொடாதீர்கள். நேற்றுவரை 850-ல் ஓடிய இன்ஜின் இன்று ஓடவில்லை என்றால் திருகு தானாகவா திரும்பியது? வேறு ஏதோ மாறியிருக்கிறது.

கடலூர் முதுநகரில் பல வருடமாக வெளிப்பொருத்து மோட்டார் (என்னுடையது போலப் படகின் பின்னால் வெளியே மாட்டுகிற இன்ஜின்) வேலை பார்க்கிற ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். கியர் பெட்டிக்காக அவரிடம் போனேன். அவர் கீழ்ப் பகுதியைத் தொடுவதற்கு முன் கேட்டது: "எப்ப நிக்குது தம்பி? சூடானதுக்கு அப்புறமா, ஆறிக் கிடக்கும்போதா? நியூட்ரல்லயா, கியர் போட்டா? உடனே நிக்குதா, பத்து நிமிஷம் கழிச்சா? ஒரே சிலிண்டர் செத்த மாதிரி தடதடன்னு நிக்குதா, தூக்கம் வந்த மாதிரி அடங்கி நிக்குதா?" ஒன்றுக்கும் எனக்கு உறுதியான பதில் இல்லை. "ஒரு நோட்டு போடு. நிக்கிற ஒவ்வொரு தடவையும் மணி, காத்து, எவ்வளவு நேரம் ஓடினது எல்லாம் எழுது"ன்னு அனுப்பிவிட்டார். எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. ஆனால் கடைசியில் கோளாறைக் காட்டிக்கொடுத்தது அந்த நாற்பது பக்க நோட்டுதான்.

சரி, வரிசையாக வருகிறேன்.

முதலில் பெட்ரோல். இன்ஜின் அடங்க ஆரம்பிக்கும்போது ஒருவர் த்ராட்டிலில் இருக்க, இன்னொருவர் டேங்க் ஹோஸில் இருக்கிற ரப்பர் பந்தை அமுக்க வேண்டும். அமுக்கியதும் சுற்று மீண்டால் இன்ஜினுக்குப் பெட்ரோல் போதவில்லை, அதாவது பெட்ரோல் பம்பின் ஜவ்வு கிழிந்திருக்கலாம், ஹோஸ் எங்காவது காற்று இழுக்கலாம். அமுக்கியதும் இன்னும் சீக்கிரம் செத்தால் பெட்ரோல் கூடிப்போகிறது, கார்பரேட்டருக்குள் பெட்ரோல் வரத்தை அடைக்கிற மிதவை ஊசி மூடவில்லை. பந்து தானாகச் சப்பிப்போய்க் கிடந்தால் டேங்க்கின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. எனக்கு மூன்றும் இல்லை, அமுக்கினாலும் விட்டாலும் ஒரே மாதிரி அடங்கியது. இருந்தாலும் சந்தேகம் தீர 20 லிட்டர் கேனில் புதுப் பெட்ரோலில் ஆயில் கலந்து, புது ஹோஸ் போட்டு, படகின் டேங்க்கை முழுக்க ஒதுக்கிவிட்டு ஓட்டிப் பார்த்தேன். அப்படியும் நின்றது. அரை மணி நேர வேலையில் டேங்க், டேங்க் ஹோஸ், தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் எல்லாம் சந்தேகப் பட்டியலில் இருந்து போய்விட்டன. இதைத்தான் முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

பெட்ரோல் பேச்சு வந்ததால் எத்தனாலையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி நம் படகுகளுக்கு இது தீராத விஷயம். பங்கில் இப்போது வருவது 20 விழுக்காடு எத்தனால் கலந்தது. வீட்டிலேயே பார்க்கலாம்: அளவு போட்ட கண்ணாடிக் குழாயில் 10 மில்லி தண்ணீர், 90 மில்லி பெட்ரோல் ஊற்றிக் குலுக்கி நிறுத்தினால், எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். நான் பார்த்தபோது அடியில் இருந்த 10 மில்லி 28-க்குப் பக்கத்தில் ஏறி நின்றது. கடலோரக் காற்றில் பாதி டேங்க் பெட்ரோலோடு படகை இரண்டு மாதம் கரையில் போட்டால் ஈரத்தை இழுத்து இதே வேலை டேங்க்குக்குள் நடக்கும், அடியில் தேங்குகிற அந்தக் கலவையைத்தான் குழாய் முதலில் உறிஞ்சும். அதில் நம் டூ ஸ்ட்ரோக் ஆயிலும் சரியாகக் கலந்திருக்காது. பழைய ரப்பர் ஹோஸின் உள்தோல் உரிந்து கறுப்புத் துகளாக வருவதையும் பார்த்திருக்கிறேன். மீன்பிடித் தடைக்காலம் மாதிரி நீண்ட ஓய்வுக்கு முன்னால் கார்பரேட்டர் கிண்ணங்களின் வடிகால் திருகைத் திறந்து காலி செய்துவிட்டுப் படகை ஏற்றுங்கள். நான் செய்யவில்லை. அதுதான் என் முதல் கோளாறு.

எப்படிக் கண்டுபிடித்தோம் என்றால், படகை ஜெட்டியில் இரண்டு பக்கமும் கயிறு போட்டுக் கட்டி, முன் கியரில் ஐடிலில் ஓடவிட்டு ஒவ்வொரு பிளக் ஒயராக எடுத்துப் பார்த்தோம். (எடுத்த ஒயரைச் சும்மா தொங்கவிடாமல் உலோகத்தோடு சேர்த்துக் கிளிப் போடுங்கள், இல்லாவிட்டால் தீப்பொறிக்கு மின்சாரம் தருகிற சிடிஐ பெட்டி போய்விடும், உங்களுக்கும் ஷாக் அடிக்கும். முதலில் இன்ஜினின் மேல்மூடியைத் திறந்து பெட்ரோல் வாடை போகவும் விடுங்கள்.) முதல் ஒயரை எடுத்தால் சுற்று விழுந்தது, இரண்டாவது எடுத்தாலும் விழுந்தது, மூன்றாவதை எடுத்தால் ஒரு மாற்றமும் இல்லை. அப்படியென்றால் மூன்றாவது சிலிண்டர் ஐடிலில் வேலையே செய்யவில்லை. பொறி பார்த்தோம், நீலமாகத் தெறித்தது. கம்ப்ரஷன் 118, 120, 116 பிஎஸ்ஐ. ஒன்றுக்கொன்று 10 விழுக்காட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். பிளக்கைக் கழற்றிப் பக்கம் பக்கமாக வைத்தால் முதல் இரண்டும் கறுத்து ஈரமாக, மூன்றாவது மட்டும் காய்ந்து வெளுத்திருந்தது. பொறி இருக்கிறது, அழுத்தம் இருக்கிறது, பெட்ரோல் மட்டும் வரவில்லை.

ஏன் வேகத்தில் மட்டும் நன்றாக ஓடியது என்ற கேள்விக்கும் இங்கேதான் பதில். கார்பரேட்டரில் பெட்ரோலுக்கு இரண்டு தனிப் பாதைகள் உண்டு. த்ராட்டில் நன்றாகத் திறந்தால் மெயின் ஜெட், மூடியிருக்கும்போதும் லேசாகத் திறக்கும்போதும் ஸ்லோ ஜெட். ஸ்லோ ஜெட்டின் துளை ஊசி முனைக்குச் சமம், பழைய பெட்ரோல் காய்ந்த பிசின் ஒரு துளி போதும் அடைப்பதற்கு. ஆகவே மேலே புலி மாதிரி ஓடி கீழே இருமிச் சாகிற இன்ஜினைப் பார்த்தால் ஸ்லோ ஜெட் மேல்தான் முதல் சந்தேகம் வர வேண்டும். இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஆயில் பெட்ரோலோடு கலந்து வருகிற இன்ஜினில், பெட்ரோல் குறைகிற சிலிண்டருக்கு ஆயிலும் குறைகிறது. ஐடிலில்தானே தொந்தரவு என்று விட்டுவிட்டு கால் த்ராட்டிலில் மணிக்கணக்கில் ஓட்டினால் பிஸ்டன் கீறல் விழும், அப்புறம் செலவு எங்கேயோ போய்விடும்.

மூன்று கார்பரேட்டரையும் கழற்றினோம். ஒன்றில் மட்டும்தான் அடைப்பு என்று தெரிந்தாலும் மூன்றையும் சுத்தம் செய்வதுதான் சரி. ஜெட்டை இரும்புக் கம்பியால் குத்தக் கூடாது, பித்தளை அகன்றுவிட்டால் அந்த ஜெட் அதோடு போச்சு. கிளீனரில் ஊறவைத்து, காற்று அடித்து, வெளிச்சத்துக்குப் பிடித்து துளை முழு வட்டமாகத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். பலர் விட்டுவிடுவது, த்ராட்டில் தட்டின் ஓரத்தில் வரிசையாக இருக்கிற இரண்டு மூன்று பொடித் துளைகள். ஐடிலில் இருந்து வேகம் எடுக்கும் அந்த நொடியில் வேலை செய்வது அவைதான், அதையும் அடித்துச் சுத்தம் செய்யுங்கள். கேஸ்கட்டைப் பழையதையே திரும்பப் போட்டால் அந்த இடுக்கு வழியாகக் காற்று இழுத்து மறுபடியும் தும்மும்.

மாட்டிய பிறகு மூன்று த்ராட்டில் தட்டும் ஒரே நேரத்தில் திறக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். ஐடில் திருகைப் பின்னுக்கு இழுத்து, இணைப்புக் கம்பியின் பிடி திருகுகளைத் தளர்த்தி, மூன்று தட்டும் முழுக்க மூடியிருக்கும்போது இறுக்க வேண்டும். ஒன்று மட்டும் முடி அளவு திறந்திருந்தாலும் ஐடில் நொண்டும். அப்புறம் கலவைத் திருகு: மென்மையாக உள்ளே முட்டும்வரை திருப்பி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து ஆரம்பித்தோம். என் இன்ஜினில் உள்ளே திருப்பினால் பெட்ரோல் குறையும், எல்லா இன்ஜினிலும் அப்படி இல்லை, அதற்குரிய புத்தகத்தைப் பாருங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத் தும்மல் வரும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து கால் சுற்று கூட்டி நிறுத்த வேண்டும். இந்த வேலையைப் படகு தண்ணீரில் இருக்கும்போது, கியரில் வைத்துத்தான் செய்ய வேண்டும். கரையில் ரப்பர் கப் மாட்டித் தண்ணீர் ஹோஸ் போட்டு ஓட்டும்போது புகை தங்குதடை இல்லாமல் வெளியே போகிறது. தண்ணீருக்குள் இன்ஜினின் கால் (புரொப்பெல்லர் இருக்கிற கீழ்ப் பகுதி) இறங்கியதும் புகைக்கு எதிர் அழுத்தம் வருகிறது, புரொப்பெல்லர் பாரமும் சேர்கிறது. கரையில் செய்த டியூனிங் கடலில் செல்லாது.

850-ல் தாலாட்டு மாதிரி ஓடியது. கியர் ‘டக்’ என்று மென்மையாக விழுந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை ஆள் ஏற்றாமல் நானும் தம்பியும் மட்டும் போனோம். போகும்போது நாலு இடத்தில் நிறுத்தி ஐடிலில் விட்டுப் பார்த்தோம், ஒரு குறையும் இல்லை. மாலை திரும்பி முகத்துவாரத்துக்கு வெளியே காத்திருக்கும்போது எட்டாவது நிமிடத்தில் சுற்று மெல்ல இறங்கியது. 800, 700, 600. நின்றுவிட்டது.

இதற்குப் பிறகு நான் செய்த இரண்டு வார வேலையும் வீண். ஜெட் திரும்ப அடைத்துவிட்டது என்று முடிவு கட்டி இரண்டு முறை கார்பரேட்டரைப் பிரித்தேன். சுத்தமாகத்தான் இருந்தது. கலவைத் திருகைக் கூட்டினேன், குறைத்தேன். பிளக் மாற்றினேன். நிறுத்தும் சுவிட்சின் சிவப்புக் கயிற்றுக் கிளிப் தளர்ந்து தீப்பொறியை வெட்டுகிறதோ என்று ஆட்டி ஆட்டிப் பார்த்தேன். இன்ஜின் காலின் பின்பக்கம் தண்ணீருக்கு மேலே ஒரு சின்னத் துளை இருக்கும், ஐடிலில் புகை அதன் வழியாகத்தான் பெரும்பாலும் வெளியேறும், அதில் குளவி மண்கூடு கட்டியிருந்ததை எடுத்தேன். அதை எடுத்ததில் நல்லதுதான் நடந்தது என்றாலும் நிற்பது நிற்கவில்லை. ஒரு இன்ஜினில் ஒரே நேரத்தில் இரண்டு கோளாறு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. முதல் கோளாறைச் சரிசெய்தும் நோய் போகாததால், சரிசெய்ததே தப்போ என்று சந்தேகப்பட்டு, ஒழுங்காக இருந்த டியூனிங்கையும் கலைத்தேன். நின்ற விதம் மாறியிருந்ததை நான் கவனித்திருக்க வேண்டும். ஜனவரியில் தும்மித் தடதடத்து நின்றது, இப்போது தும்மலே இல்லை, தூங்கிப்போவது போல அடங்கியது. மெக்கானிக் அண்ணன் கேட்ட கேள்வியே அதுதானே.

நோட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் முதுநகர் போனேன். அவர் கண்ணாடி போட்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஜெட் சுத்தம் செய்த பிறகு ஏழு தடவை நின்றிருந்தது. ஏழும் மதியம் இரண்டுக்குப் பிறகு. ஏழும் கரையைப் பார்த்து வரும்போது. "போகும்போது ஏன் ஒரு தடவைகூட நிக்கல?" என்றார். காலையில் காற்று கச்சானாகக் கரையில் இருந்து அடிக்கும், மதியத்துக்கு மேல் கடற்காற்று கிளம்பிவிடும் என்றேன். "அப்ப கடலுக்குப் போகும்போதும் காத்து முதுகுலதான?" என்று மடக்கினார். யோசித்தேன். காலை கச்சான் மெல்லிய காற்று, போகிற போக்கில் ஐடிலில் எட்டு நிமிடம் நிற்கிற வேலையும் இல்லை. கரை திரும்பும்போது வலுத்த காற்று பின்னால், நீண்ட காத்திருப்பு, நன்றாகச் சூடான இன்ஜின். அவர் கேட்டார்: "ஜெட்டியில டெஸ்ட் பண்ணும்போது மேல்மூடி போட்டிருந்தியா?"

இல்லை. ஒருமுறைகூட இல்லை. வேலை செய்யும்போது மூடியை யார் போடுவார்கள்? எல்லாச் சோதனையும் மூடி இல்லாமலே நடந்திருக்கிறது, எல்லா ஓட்டமும் மூடியோடு.

அன்று மாலையே ஜெட்டியில் கட்டி, கியரில் போட்டு, மூடியைப் பொருத்தினோம். ஏழு நிமிடத்தில் அடங்கி நின்றது. மூடியைக் கழற்றினோம், அரை மணி நேரம் அசையாமல் 850. திரும்ப மூடி, ஆறு நிமிடம். இப்படி ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றியதைத் திரும்ப வைத்து, இரண்டு தடவை ஒரே பதில் வந்தால் அதை நம்பலாம்.

மூடி போட்டால் நிற்பதற்குச் சாதாரணக் காரணம், மூடியின் விளிம்பு பெட்ரோல் ஹோஸை நசுக்குவது. விளிம்பு முழுக்க முகப்பவுடர் தடவி மூடித் திறந்து பார்த்தோம், ஹோஸில் எங்கும் வெள்ளை ஒட்டவில்லை. மூடியைத் திறந்த அந்த நொடியில் எனக்குக் கண் எரிந்தது. புகை. மூடிக்குள் புகை தேங்கியிருந்தது. டார்ச் அடித்துத் தேடினால், புகைப்பாதையின் பக்கவாட்டு மூடித் தகட்டுக்குக் கீழே வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்து, அதன் நடுவே கறுப்பு எண்ணெய்க் கோடு ஒன்று வழிந்திருந்தது. கேஸ்கட் அரித்து, குளிர்விக்கும் தண்ணீரும் எரிந்த புகையும் அந்த இடத்தில் கசிந்துகொண்டிருந்தன.

எரிந்த புகையில் எரிவதற்கு வேண்டிய ஆக்ஸிஜன் குறைவு. அது மூடிக்குள் கலந்து கார்பரேட்டர் வழியாகத் திரும்ப உள்ளே போனால் இன்ஜின் தன் மூச்சையே திரும்ப மூச்சாக இழுக்கிறது. வேகமாக ஓடும்போது வெளிக்காற்று அள்ளி அள்ளி உள்ளே வருவதால் இந்தக் கசிவு பெரிதாகத் தெரியாது. ஐடிலில் இழுக்கிற காற்றே கொஞ்சம், அதில் புகையின் பங்கு கூடிவிடும். மேல்மூடியின் காற்று வாய் பின்பக்கம் பார்த்து இருப்பதால், காலுக்குப் பின்னால் துளை வழியாக வருகிற புகையையும் முதுகுக் காற்று தள்ளி உள்ளே திணித்திருக்கும். பிளக் கறுத்து ஈரமாக இருந்ததற்கும் விடை கிடைத்தது, காற்று குறைந்தால் கலவையில் பெட்ரோல் மிஞ்சத்தானே செய்யும். முதல் தடவை கழற்றியபோது அந்த இரண்டு பிளக்கும் கறுத்திருந்ததைப் பார்த்தும் ‘டூ ஸ்ட்ரோக் என்றால் அப்படித்தான்’ என்று விட்டுவிட்டோம்.

கேஸ்கட் விலை சில நூறு ரூபாய்தான். அந்தத் தகட்டின் போல்ட்டுகளைக் கழற்ற ஒன்றரை நாள் ஆனது. உப்புத் தண்ணீரில் அலுமினியத்துக்குள் இருக்கிற எஃகு போல்ட் வெல்டிங் வைத்தது போலப் பிடித்துக்கொள்ளும். முறுக்கினால் தலை மட்டும் கையோடு வரும். முந்தின இரவே துரு இளக்கும் ஆயில் அடித்து ஊறவிட்டு, காலையில் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடுபடுத்தி (பெட்ரோல் ஹோஸ், டேங்க் எல்லாவற்றையும் அகற்றிய பிறகு), இறுக்கும் பக்கம் கொஞ்சம், தளர்த்தும் பக்கம் கொஞ்சம் என்று ஆட்டி ஆட்டித்தான் எடுக்க வேண்டும். அப்படியும் ஒன்று உடைந்தது. அதைத் துளை போட்டு எடுத்து ஹெலிகாயில் (புது மரையாகிற கம்பிச் சுருள்) வைத்தார் அண்ணன். அவர் கை அளவு பொறுமை எனக்கு இல்லை, இந்த ஒரு வேலையை மட்டும் அனுபவம் உள்ளவரிடம் கொடுங்கள் என்றுதான் சொல்வேன். திரும்ப மாட்டும்போது ஒவ்வொரு போல்ட்டுக்கும் கடல் கிரீஸ் தடவினோம்.

இது நடந்துகொண்டிருக்கும்போதே என் மச்சானும் தன் படகைப் பற்றிக் கேட்டான். அவனுடையது ஃபோர் ஸ்ட்ரோக், ஃபியூயல் இன்ஜெக்ஷன், 115 குதிரை, தேவனாம்பட்டினத்தில் இருக்கிறது. வேகத்தில் இருந்து சட்டென்று த்ராட்டிலை மூடினால் ஆஃப் ஆகிறது. அதில் கார்பரேட்டரும் இல்லை, கலவைத் திருகும் இல்லை. ஐடிலில் காற்றைக் கூட்டிக் குறைக்க கம்ப்யூட்டர் கட்டுப்படுத்துகிற ஒரு சின்ன வால்வு இருக்கும், அதில் ஆயில் ஆவி படிந்து பிசுபிசுத்து சட்டென்று திறக்க மறுத்தது. சுத்தம் செய்ததும் பெரும்பாலும் சரியாயிற்று. மிச்சத்துக்குக் காரணம் பேட்டரி முனையில் போட்டிருந்த காது வைத்த நட்டு, கையால் முறுக்குகிற வகை. அலை அதிர்வில் அது தளர்ந்து, வோல்ட் விழுந்ததும் கம்ப்யூட்டரும் பம்பும் ஒரு கணம் உயிர் விட்டன. ஸ்பானர் போட்டு இறுக்குகிற பூட்டு நட்டாக மாற்றினான், இருபது ரூபாய்க்குள். இன்ஜெக்ஷன் இன்ஜின் வைத்திருப்பவர்கள் சென்சார் மாற்றச் சொல்லி யார் சொன்னாலும் முதலில் பேட்டரி முனையையும் எர்த் ஒயரையும் பாருங்கள்.

மார்ச் இரண்டாம் வாரம் நானும் தம்பியும் திரும்பப் போனோம். வேண்டுமென்றே மதியம் மூன்றரைக்குக் கரையைப் பார்த்துத் திரும்பினோம், கொண்டல் நன்றாக அடிக்கும் நேரத்தில். நங்கூரத்தை அணியத்தில் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு, முகத்துவாரத்துக்கு வெளியே பாதுகாப்பான தூரத்தில், மூடியைப் பூட்டி, கியரில் ஐடிலில் விட்டோம். எட்டு நிமிடம் போயிற்று. பதினைந்து. இருபத்தைந்தாவது நிமிடத்தில் தம்பி, "போதும்ணா, வீட்டுக்குப் போலாம்" என்றான். முள் 850-ஐ விட்டு நகரவில்லை. அலைகள் கடந்ததும் த்ராட்டிலைத் தள்ளினேன், தயங்காமல் எடுத்து உள்ளே போனது.

ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. காலையில் ஆறிக் கிடக்கும் இன்ஜின் கிளம்பிய பிறகு சூடேற ரொம்ப நேரம் எடுக்கிறது, அதுவரை ஐடில் கொஞ்சம் கரகரக்கிறது. தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். வெந்நீர்ப் பாத்திரத்தில் போட்டு, தெர்மாமீட்டர் வைத்து, 50 டிகிரிக்குப் பக்கத்தில் திறக்கிறதா, ஆறினால் முழுக்க மூடுகிறதா என்று பார்க்க வேண்டும். தடைக்காலத்தில் படகைக் கரையேற்றும்போது அதைக் கழற்றுவேன். நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.